இடிக்க அனுமதி கோரும் விண்ணப்பம்

ஆவடியை ஒட்டிய எங்கள் சேக்காட்டு மண்ணுக்கடியில் புத்த விகாரை எதுவும் இருந்து தொலைக்கக் கூடாது என்பது என் தினசரிப் பிரார்த்தனை. புத்தர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரைத் தெரியும், அவ்வளவுதான்.

ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது. பிறகு பட்டாபிராமில் டைடல் பார்க் எழுந்தது. இப்போது எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு ஜேசிபி குறுக்கே நிற்கிறது. முந்தாநாள் வரை தவளை கத்திய பள்ளம் இன்று வாஸ்துப்படி அமைந்த, வடக்குப் பார்த்த மனை. இந்த வேகத்தில் தோண்டினால் என்றைக்காவது எதுவாவது தட்டுப்படத்தான் செய்யும். அத்திரம்பாக்கத்தில் கற்காலக் கோடாரி கிடைத்த மாவட்டம் இது. கோடாரியாவது பரவாயில்லை, எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். விகாரை வந்தால்?

நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பார்க்கிங்குக்குப் பள்ளம் பறிக்கும்போது ஆறடிக்குக் கீழே ஒரு செங்கல் வரிசை தெரியும். அகலமான, தட்டையான கல். இந்தக் காலத்துச் சூளையில் வராத அளவு. வண்டி ஓட்டுகிற தம்பி எஞ்சினை அணைத்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுவான். “அண்ணே, பழைய செவுரு மாதிரி என்னமோ கீதுண்ணே.” மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினியருக்கு போன் போடுவார். எஞ்சினியர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “யார்னா பாத்தாங்களா?” யாரும் பார்க்கவில்லை என்று உறுதியானதும் ராத்திரி இரண்டு டிப்பர் லாரி வரும். விடிவதற்குள் ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துச் செங்கல், பக்கத்து லேஅவுட்டில் ரோடு மட்டம் உயர்த்தப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குக் காசுகூட வாங்க மாட்டார்கள். தமிழன் தன் தொன்மையை எப்போதும் இனாமாகவே கொடுத்திருக்கிறான்.

சிலையும் சேர்ந்து வந்தால் கொஞ்சம் சிக்கல். சிலையை ரோட்டில் போட்டு ரோலர் ஓட்ட மனசு வராது, சாமி குத்தம். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தகரக் கொட்டகை, மஞ்சள், குங்குமம், ஒரு வேட்டி, நாலு பேர் முகம் போட்ட பிளக்ஸ் எல்லாம் ஏற்பாடாகும். ஈஸ்வரன் என்று ஒரு கட்சி, முனி என்று ஒரு கட்சி. தலை இல்லாவிட்டால் முனி கட்சி ஜெயிக்கும். மடிமேல் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து வைத்த இரண்டு உள்ளங்கைகள் இருக்கின்றனவே, தியான முத்திரை, காசு போடுவதற்கு அதைவிடத் தோதான இடத்தை எந்தச் சிற்பியும் செதுக்கியதில்லை.

கற்பனையில் மிளகாய்ப்பொடி அதிகம் என்கிறவர்கள் சேலம் வரை ஒரு நடை போய் வரலாம். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு சாமி இருந்தார். பல தலைமுறைப் பூசை, வேண்டுதல், அறநிலையத்துறை நிர்வாகம் எல்லாம் உண்டு. முனியப்பன் என்றால் முறுக்கு மீசை, உருட்டி விழிக்கும் கண், கையில் அரிவாள். இவரோ தாமரைப் பீடத்தில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, கையை மடியில் வைத்திருந்தார். சுருள்முடி, உச்சியில் உஷ்ணீஷம் என்கிற கொண்டை முடிச்சு, தொங்கும் காது. இப்படி ஒரு முனியை யாராவது பார்த்ததுண்டா என்று ஊரில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. 2011-ல் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் சொல்லித் தொல்லியல் துறை போய்ப் பார்த்தது. தலை உடலிலிருந்து துண்டிக்கப்பட்டு, பிறகு சிமெண்ட் கலவையால் ஒட்டப்பட்டிருக்கிறது, ஒட்டியதில் சற்றே சாய்ந்துவிட்டது, ஆனால் இவர் புத்தர்தான் என்று அறிக்கை கொடுத்தது. 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது: இது புத்தர் சிலை, தொல்லியல் துறை பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும், புத்தர் என்று போர்டு வைக்க வேண்டும், பூசை கூடாது.

யார் வெட்டினார்கள் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்குச் சுவாரசியம் ஒட்டியவர்மேல்தான். கொலுறும் சட்டியுமாக வந்து, கலவை குழைத்து, அந்த முகத்தைக் கையில் தூக்கிக் கழுத்தில் பொருத்தியிருக்கிறார். அரை அடி தூரத்தில் அந்த மூடிய கண்ணைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு, கோணலாக ஒட்டி, கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தமிழ்நாட்டின் பாரம்பரியப் பாதுகாப்புக் கொள்கை இன்று வரை அந்த மேஸ்திரியைத் தாண்டவில்லை.

இப்படிப்பட்ட நாம்தான் நாளந்தாவுக்காக அழுகிறோம். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மாதம் தவறாமல் நாளந்தா எரிகிறது. பக்தியார் கில்ஜி குதிரையில் வருவார், நூலகம் மாதக்கணக்கில் புகையும், கடைசியில் ‘உண்மையான இந்தியன் என்றால் பத்து பேருக்கு அனுப்பு’ என்று முடியும். அனுப்புகிறவர் நல்ல மனிதர், காலையில் வாக்கிங் போகும்போது சிரிப்பார். ஒரு தடவை நான் பதில் போட்டேன்: ‘சார், நாகப்பட்டினத்தில் நம்முடையதும் ஒன்று இருந்ததே, தெரியுமா?’ உடனே பதில் வந்தது: ‘வேளாங்கண்ணியா சார்? டெம்போ டிராவலர் தெரிஞ்ச ஆள்கிட்ட இருக்கு, ரேட் பேசலாம்.’

ஆகவே ரேட் பேசாமல் நாகப்பட்டினத்துக்குப் போவோம்.

கி.பி. 1006 வாக்கில் ஸ்ரீவிஜய அரசன், அதாவது கடாரத்துக்காரன், நாகப்பட்டினத்தில் தன் தகப்பன் சூளாமணிவர்மன் பெயரில் ஒரு விகாரை எழுப்பினான். முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்குப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். தொண்ணூற்றேழு வேலிக்கு மேல் நிலம். அதன் எல்லையை ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, பிடி சூழ்ந்து, குறித்தார்கள். இன்று எங்கள் பக்கம் இரண்டு கிரவுண்டுக்கு எல்லைக்கல் நட சர்வேயரை வரவழைத்துப் பாருங்கள், யானை எவ்வளவு சல்லிசு என்று தெரியும். அந்தத் தானத்தை எழுதிய செப்பேடு 21 இதழ். தூக்கினால் கை வலிக்கும். அது கடல் தாண்டி நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்குப் போய், இன்றைக்கு வரலாற்றுப் புத்தகங்களில் லைடன் செப்பேடு என்று அந்த ஊர்ப் பெயராலேயே வழங்குகிறது. சிவபக்தச் சோழன், புத்தக் கோயிலுக்கு, தமிழில் எழுதிக் கொடுத்த பத்திரம். அதற்கு டச்சுக்காரன் ஊர்ப் பெயர்.

இதில் இன்னொரு வேடிக்கை. ராஜராஜன் மகன் ராஜேந்திரன் 1025-ல் கப்பலேறிப் போய் அதே ஸ்ரீவிஜயத்தை அடித்து நொறுக்கிக் கடாரங்கொண்டான் என்று பட்டம் வாங்கினான். ஆனால் நாகப்பட்டினத்து விகாரைமேல் கை வைக்கவில்லை. 1090-ல் முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய லைடன் செப்பேட்டிலும் அங்கிருந்த பெரும்பள்ளிகளுக்கு வரிச்சலுகை தொடர்கிறது. எதிரியின் நாட்டைக் கொள்ளையடித்தவன் எதிரி கட்டிய மடத்துக்கு மானியத்தை நிறுத்தவில்லை. இன்றைக்கு ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சி வைத்த பஸ் ஸ்டாப் கூரைகூட மிஞ்சுவதில்லை.

அங்கே வெறும் பூசை நடக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டு முதலே சோழக் கடற்கரை பாலி மொழி அறிஞர்களின் பட்டறையாக இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து புத்ததத்தர் எழுதினார். தர்மபாலர் என்ற உரையாசிரியர் நாகப்பட்டினத்துப் படரதித்த விகாரையில் இருந்ததாகப் பாலி மரபு சொல்கிறது. இவர்களை இலங்கையிலும் பர்மாவிலும் பிக்குகள் இன்னும் பாடமாகப் படிக்கிறார்கள். 1476-ஐ ஒட்டிக் கப்பல் கவிழ்ந்து கரையேறிய பர்மியத் துறவிகள் நாகப்பட்டினம் வந்து, இடிந்து கிடந்த அந்த விகாரையின் இடத்தைத் தேடிப் பார்த்து வணங்கிவிட்டுப் போனார்கள் என்று பர்மாவில் கல்யாணி கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. கப்பல் உடைந்து, உயிர் தப்பி, ஈரத் துணியோடு வந்த வெளிநாட்டுக்காரனுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. உள்ளூர்க்காரனுக்கு டெம்போ டிராவலர் ரேட் தெரிந்திருக்கிறது.

அந்த ஊரில் நின்ற ஒரு கோபுரத்துக்கு வருகிறேன். 19-ஆம் நூற்றாண்டிலும் நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு செங்கல் கோபுரம் நின்றது. மூன்று நிலை, சதுரம், உச்சி திறந்து வானம் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் சீனப் பகோடா என்றார்கள், சிலர் சமணக் கோயில் என்றார்கள், ஊர்க்காரர்கள் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். கடலில் வருகிற மாலுமிகளுக்கு அதுவே கரை அடையாளம். 1846-ல் வால்டர் எலியட் என்ற கம்பெனி அதிகாரி போய்ப் பார்த்து, செங்கல்லைச் சாந்து இல்லாமலே எப்படி நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள் என்று வியந்து குறித்து வைத்தார். பின்னால் 1878-ல் கட்டுரையாகவும் போட்டார். அந்தக் கோபுரத்தின் உருவம் நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவர் புண்ணியத்தில். வெள்ளைக்காரனைத் திட்ட நினைக்கும்போதெல்லாம் இப்படி ஒருத்தன் நடுவில் வந்து நிற்பான்.

புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்களால் வெளியேற்றப்பட்ட ஏசுசபைப் பாதிரிமார்கள் நாகப்பட்டினத்துக்கு வந்து அந்த இடத்தில் குடியேறினார்கள். 1856-ல் அங்கே ஒரு பெரிய இலுப்பை மரத்தை அகற்றியபோது அடியில் ஐந்து புத்தப் படிமங்கள் கிடைத்தன. ஆக, கோபுரம் யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்க முடியாது. பிறகு விண்ணப்பம் போட்டார்கள்: கோபுரம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, இடித்துக்கொள்ள அனுமதி வேண்டும். முதல் தடவை அனுமதி கிடைக்கவில்லை. மறுபடி போட்டார்கள். இடிப்புச் செலவைப் பற்றி அரசாங்கம் கவலைப்பட வேண்டாம், கிடைக்கும் செங்கல்லிலேயே சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று கணக்கும் காட்டினார்கள். 1867 ஆகஸ்ட் 28-ஆம் தேதி சென்னை அரசாங்கம் ஒப்புதல் கொடுத்தது. இடித்தார்கள்.

நாளந்தாவுக்குக் குதிரை, வாள், நெருப்பு எல்லாம் தேவைப்பட்டன. நமக்கு ஒரு மனு போதும். மனு, குறிப்பு, பரிந்துரை, ஆணை. சத்தமே இல்லை, ஒரு சொட்டு ரத்தமில்லை. இடித்த செலவுகூட அரசுக்கு வைக்காத இடிப்பு உலகத்தில் வேறெங்கே நடந்திருக்கிறது? கில்ஜி நம் செக்‌ஷன் ஆபீசரிடம் ஆறு மாதம் பயிற்சி எடுத்திருந்தால் தலைமுறை தலைமுறையாக வசவு வாங்கியிருக்க வேண்டாம்.

சீனப் பயணி வாங் தாயுவான் 14-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தில் ஒரு செங்கல் கோபுரத்தைக் குறிப்பிடுகிறார். அதில் சீன எழுத்தில், சியன்சுன் மூன்றாம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது என்று பொறித்திருந்ததாம். நம் கணக்கில் 1267. அந்தக் கோபுரமும் இந்தக் கோபுரமும் ஒன்றே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரியானால் 1267-ன் எட்டாம் மாதம் முடிந்த கட்டடத்துக்கு 1867-ன் எட்டாம் மாதம் இடிப்பு ஆணை. அறுநூறு வருஷம். புயலும் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஒன்றும் செய்ய முடியாத கட்டடம்தான் ‘ஆபத்தான நிலை’ என்ற இரண்டு வார்த்தையில் விழுந்தது. இன்றைக்கும் ஊரில் எந்தப் பழைய கட்டடத்தை, எந்தப் புளியமரத்தை எடுக்க வேண்டியிருந்தாலும் அதே இரண்டு வார்த்தைதான் ஃபைலில் ஏறுகிறது.

அந்தப் பாதிரிமார்கள் 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கல்லூரிதான் புனித வளனார் கல்லூரி. 1883-ல் அது திருச்சிக்கு இடம் மாறிப் போய்விட்டது. கோபுரம் விழுந்து முழுசாகப் பதினாறு வருஷம். கொஞ்சம் பொறுத்திருந்தால் இரண்டுமே பிழைத்திருக்கும்.

1856 தொடங்கி 1930-கள் வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் பூமிக்கடியிலிருந்து சுமார் 350 பௌத்தப் படிமங்கள் வந்தன. அத்தனையும் யாரோ பத்திரமாகப் புதைத்து வைத்தவை. நிறைய எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின, மிச்சம் உலகத்து அருங்காட்சியகங்களுக்குப் போயின. நாகப்பட்டினத்துப் புத்தரைப் பார்க்க வேண்டுமானால் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் போகலாம். நாகப்பட்டினத்துக்கு மட்டும் போய்ப் பிரயோசனமில்லை.

இவ்வளவு சொன்னதும் ஒரு சாராருக்கு முகம் மலரும். ‘பார்த்தீர்களா, பாதிரி இடித்தான்!’ நாளந்தா செய்தியோடு நாளைக்கு இதையும் சேர்த்து அனுப்புவார்கள். கொஞ்சம் இருங்கள் ஐயா. அந்த 350 படிமங்களையும் மண்ணுக்கடியில் ஒளித்து வைத்தவர்கள் எந்தப் பாதிரிக்குப் பயந்து ஒளித்தார்கள்? வைணவக் குருபரம்பரைக் கதை ஒன்று உண்டு. திருமங்கை ஆழ்வார் நாகப்பட்டினம் போய் அங்கிருந்த பொன் புத்தரைக் கவர்ந்து வந்து, உருக்கி, திருவரங்கத்து மதில் திருப்பணிக்குச் செலவிட்டார். நான் சொல்லவில்லை, கதையை எழுதியவர்களே பெருமையோடு சொல்கிறார்கள். காஞ்சியில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தில் பௌத்தத் துறவி மதுவுக்கும் மாதுவுக்கும் ஏங்குகிற கோமாளி. ராஜாவே நாடகம் எழுதிக் கிண்டலடித்தால் குடிகள் சும்மாவா இருப்பார்கள்?

இதைக் கேட்டதும் எதிர்சாராருக்கு முகம் மலரும். ‘பார்த்தீர்களா, ஆழ்வார்!’ அவர்களும் கொஞ்சம் இருக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பகுத்தறிவு பேசுகிறவர்கள்தான் கோட்டையில் இருக்கிறார்கள். புத்தர் பெயரை மேடையில் சொல்லாத தலைவர் இல்லை. பூம்புகார்ப் பக்கம் பல்லவனேச்சுரத்தில் 1960-களில் தொல்லியல் துறை தோண்டி, செங்கல் விகாரையும் புத்த பாதக் கல்லும் வெளியே எடுத்தது. மணிமேகலை துறவு பூண்ட ஊர் என்று நாம் மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்கிற ஊரில் கையால் தொடக்கூடிய ஒரே பௌத்தச் சுவர். கொஞ்ச தூரத்தில் 1973-ல் அரசு ஏழு நிலையில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் கட்டியது. பள்ளிக்கூடப் பஸ்கள் எங்கே நிற்கின்றன என்று போய்ப் பாருங்கள். அசல் செங்கல்லைப் பார்க்க வெயிலில் நடக்க வேண்டும். சிமெண்ட் காவியத்துக்கு டிக்கெட், நிழல், ஐஸ்கிரீம் எல்லாம் இருக்கிறது.

இடிபாடு நமக்குப் பிடிக்கும். ஆனால் இடித்தவன் எதிராளியாக இருக்க வேண்டும். துருக்கன் இடித்தது ஒருத்தருக்கு வேண்டும், பாதிரி இடித்தது அவருக்கே இன்னும் நன்றாக வேண்டும், ஆழ்வார் இடித்தது இன்னொருத்தருக்கு வேண்டும். நம் வீட்டுக் கடப்பாரை பட்ட செங்கல் யாருக்கும் வேண்டாம். புத்தருக்கு இங்கே ஓட்டு வங்கியும் இல்லை, குலதெய்வப் பங்காளிகளும் இல்லை, தேர் இழுக்கும் ஊரும் இல்லை. கும்பகோணத்துக் கல்வெட்டு ஒன்றில் செவ்வப்ப நாயக்கர் காலத்தில், 1580-ல், திருவிளந்துறையில் ஒரு புத்தர் கோயிலும் அதைச் சேர்ந்த ஆளும் இருந்த செய்தி வருகிறது. அதாவது நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்புவரை அக்கம்பக்கத்தில் அவர்கள் இருந்தார்கள். பிறகு எங்கே போனார்கள்? ஒரு கில்ஜியும் கும்பகோணம் வரவில்லை.

1898-ல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். உங்கள் ஊரின் ஒதுக்குப்புறத்தில் யாரைத் தள்ளி வைத்தீர்களோ அவர்கள்தான் பழைய பௌத்தர்கள் என்றார். அவர் சொன்ன வரலாறு அத்தனையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, வாதாடலாம். வாதாடாமல் என்ன செய்தோம்? பல பத்தாண்டு அவர் பெயரையே மறந்தோம். பெரம்பூரில், கோலார் தங்கவயலில், கூலி வேலைக்குப் போய்வந்த குடும்பங்கள் புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி அந்த நூலை அறுந்துபோகாமல் பிடித்திருந்தன. இப்போது அவருக்கு கிண்டியில் மணிமண்டபம். ஆளை மறந்து, சிலையைத் திறந்து, மாலையைப் போட்டு, காரில் ஏறியாயிற்று.

பெருமை பேசுவதென்றால் மட்டும் நாம் முதல் வரிசை. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் திராவிட நாட்டில் நூற்றுக்கு மேல் சங்காராமங்களும், அதாவது மடங்களும், பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். காஞ்சியில் பிறந்த வேறொரு தர்மபாலர் நாளந்தாவுக்கே தலைவரானார், அவர் மாணவர் சீலபத்திரர் யுவான் சுவாங்குக்கே ஆசிரியரானார். எங்கள் குழுவில் எரியும் நாளந்தாவை நடத்தியவர் காஞ்சிபுரத்துக்காரர்! இதைச் சொன்னால் கட்டைவிரல் குறி வந்து குவியும். போதிதர்மர் தமிழர் என்று 2011-ல் சூர்யா நடித்துக் காட்டியபோது ஆவடித் தியேட்டரில் விசில் பறந்தது. சரி, அந்த நூறு சங்காராமத்தில் ஒன்றைக் காட்டு என்று சீனத்திலிருந்து ஒருத்தன் வந்து நின்றால் எங்கே கூட்டிக்கொண்டு போவது? காமாட்சியம்மன் கோயிலில் இருந்த பெரிய புத்தர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். இன்னொருவர் சிவகாஞ்சி காவல் நிலையத்தில் இருக்கிறார். ஆமாம், போலீஸ் ஸ்டேஷனில். தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார். எஃப்.ஐ.ஆர். உண்டா, எந்தப் பிரிவு, ஜாமீனுக்கு யார் வருவார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. நூறு மடங்களை வைத்திருந்த நாட்டில் அவருக்கு அரசு உத்தரவாதத்தோடு கிடைத்த கூரை அது.

மேற்கு சென்னைக்காரர்களாகிய நாமும் யோக்கியர்கள் அல்ல. மயிலை சீனி. வேங்கடசாமி 1940-ல் ‘பௌத்தமும் தமிழும்’ எழுதி, எந்தெந்த ஊரில் புத்தர் எந்தக் கோலத்தில் கிடக்கிறார் என்று பட்டியலே போட்டார். அதில் கூவம் வருகிறது; நம் ஆறு புறப்படும் பக்கத்து ஊர். அங்கிருந்த புத்தரும் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார். அவர் ஊர் ஆறோ பருத்திப்பட்டு அணையைத் தாண்டி, திருவேற்காட்டைத் தாண்டி, வழியில் உள்ள அத்தனை ஊர்ச் சாக்கடையையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, அதே எழும்பூரில் அவருக்குக் கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. கண்ணை மூடித்தான் இருக்கிறார். மூக்கைப் பற்றிச் சிற்பி யோசிக்கவில்லை.

1955-ல் இந்த ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி, நாட்டுக்குச் சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. எழுபது வருஷத்துக்கு முந்தைய அந்தச் சோஷலிசத்துக்கே இங்கே இடிபாடு காட்ட முடியவில்லை. இதில் பல்லவர் காலத்துக்கு எங்கே போவேன்?

ஆகவே அரசுக்கு ஒரு யோசனை. அன்றைக்கு நாகப்பட்டினத்துப் பாதிரிமார்கள் தனித்தனியாக மனு எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி எழுதிச் சிரமப்பட்டார்கள். அந்தச் சிரமம் இனி யாருக்கும் வேண்டாம். இ-சேவை மையத்தில் ஒரே படிவமாக வைத்துவிடலாம். கட்டடத்தின் பெயர், வயது. வயது தெரியாவிட்டால் ‘பழசு’ என்று எழுதினால் போதும். கட்டடம் ஆபத்தான நிலையில் உள்ளதா என்ற இடத்தில் ‘ஆம்’ என்று முன்கூட்டியே அச்சிட்டுவிடலாம், மனுதாரருக்கு மை மிச்சம். செங்கல்லை எடுத்துச் செல்ல டிப்பர் வண்டி எண். சிலை இருந்தால், தலையோடா தலையில்லாமலா, தலையில்லாமல் என்றால் முனி கமிட்டியின் தடையில்லாச் சான்று. பிற்காலத்தில் யாராவது கேட்டால் இடித்தவர் எந்தச் சமயத்தவர் என்று சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு கட்டம். அதில் மனுதாரர் தன் சமயத்தைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் நிரப்பலாம். வார்டு உறுப்பினர் பரிந்துரை, கிராம நிர்வாக அலுவலர் முத்திரை, கையொப்பம். கையொப்பத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இடித்து முடித்த பின் அதே இடத்தில் நினைவு மண்டபம் கட்டித்தரக் கோருவோர் தனிப் படிவம் பெற்றுக்கொள்ளவும். அதற்குக் கட்டணம் கிடையாது.